‘இளம்பெண் மாயம்’ என்ற நான்கு வரிச் செய்தி: வேலூரில் யாரை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்?

வேலப்பாடி வாசகி எழுதியது:

தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும், திருநங்கைகள், திருநம்பிகள் என்ற திருநர்களையும் மக்கள் ஏற்றுக்கொள்வதில் ஊடகத்துக்கு என்ன பங்கு என்று பேச்சு வந்தால் எல்லோரும் சினிமாவைத்தான் இழுக்கிறார்கள். நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்ப்பவள். வேலூரில் ஒருவரைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்பதைத் தீர்மானிப்பது நாளிதழின் மாவட்டப் பக்கம் என்பது என் உறுதியான எண்ணம். சினிமாவைக் கதை என்று தெரிந்தே பார்க்கிறோம். மாவட்டப் பக்கத்தில் வருவதை நடந்தது என்று படிக்கிறோம். சத்துவாச்சாரி, பாகாயம், கொணவட்டம் என்று நாம் தினமும் கடந்து போகிற இடத்தின் பெயரோடு அது வருகிறது.

காலையில் நூலகம் திறந்ததும் வருகிற பெரியவர்கள் அந்தத் தாளைத்தான் முதலில் உருவிக்கொள்வார்கள். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். மற்றவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். ‘திருநங்கைகள் அடாவடி, பொதுமக்கள் அவதி’ என்று தலைப்பு வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு பேர் ஒரு பயணியோடு வாக்குவாதம் செய்திருப்பார்கள். தாளை மடித்து வைப்பதற்குள் “இவர்களே இப்படித்தான்” என்று பேச்சு முடிந்துவிடும். அதே பக்கத்தில் நகை பறித்துக்கொண்டு ஓடிய ஒருவனின் செய்தியும் இருக்கும். அதைப் படித்துவிட்டு “ஆண்களே இப்படித்தான்” என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

திருநங்கைகளாவது கெட்ட பெயரோடு அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரு பெண்ணைக் காதலிக்கும் பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பாருங்கள். ‘கல்லூரி மாணவி மாயம், பெற்றோர் புகார்’ என்ற நான்கு வரியில் இருக்கிறாள். 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரித்த வழக்கும் அப்படித்தான் தொடங்கியது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர்கள் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்குப் போயிருக்காவிட்டால் ஊருக்கு அவர்கள் ‘மாயமானவர்கள்’ மட்டும்தான். நம் மாவட்டப் பக்கங்களில் இப்படி மாயமானவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். மறுத்தாலும் சரி.

---

காட்பாடி ரயிலடி எழுதியது:

அக்கா, நான் மறுக்கிறேன். சினிமாவை இவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது.

என் அம்மா ரயிலில் திருநங்கைகள் ஏறினால் எங்களை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு முந்தானையால் மறைத்துக்கொள்வார். 2011-இல் ‘காஞ்சனா’ வந்தது. அது பேய்ப் படம்தான். ஆனால் அதில் சரத்குமார் நடித்த திருநங்கை, இன்னொரு இளம் திருநங்கையை வளர்த்து மருத்துவம் படிக்க வைப்பார். அவரைக் கொல்லும் காட்சியில் அம்மா தியேட்டரில் அழுதார். அடுத்த முறை அரக்கோணம் போகும் வண்டியில் ஒருவர் வந்து நின்றபோது “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்டார். நான் கண்ணால் பார்த்தது இது. எந்த நாளிதழாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் கட்டியதை இடிப்பதும் சினிமாதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2015 பொங்கலுக்கு வந்த ‘ஐ’ படத்தில் திருநங்கைப் பாத்திரத்தை அருவருப்பாகக் காட்டியதற்காகச் சென்னையில் திருநர்கள் போராட்டம் நடத்தினார்கள். அந்தப் பாத்திரத்தைக் கேலி செய்யும் வசனங்களை என் வகுப்பு மாணவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். நடையில் கொஞ்சம் மென்மை இருந்த ஒரு பையன்தான் அதற்கு இலக்கு. அவன் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

---

செய்யாற்றுக் கூத்தன் எழுதியது:

சினிமாவுக்கும் செய்தித்தாளுக்கும் முன்பே நம் வட ஆற்காட்டில் ஓர் ஊடகம் இருந்தது. தெருக்கூத்து. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேஷம் கட்டுகிறது. புரிசை, செய்யாறு பக்கமெல்லாம் 1989 வரை வட ஆற்காடு மாவட்டம்தான், அந்த உரிமையில் பேசுகிறேன்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் துகிலுரிதல் அன்று திரௌபதியாக நிற்பவர் ஓர் ஆண். கொண்டை வைத்து, புடவை கட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி இருப்பார். துச்சாதனன் அவர் முந்தானையைத் தொடும்போது பெண்கள் எழுந்து கற்பூரம் ஏற்றுவார்கள், சிலருக்கு அருள் வந்துவிடும். அங்கே நிற்பவர் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எவருக்கும் எழுவதில்லை. தாய் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். இவ்வளவு மரியாதையான சித்திரிப்பு உலகத்தில் வேறெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அதே ஆள் டீக்கடைக்குப் போவார். அங்கே இருக்கும் இளவட்டங்கள் அவர் இடுப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் பெரியப்பா பெண் வேஷத்தில் பேர் வாங்கியவர். அவருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள். ராத்திரி கும்பிட்டவர்கள்தான் பகலில் சொன்னார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், சித்திரிப்பு உயர்வாக இருந்தால் ஏற்பு தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். தெய்வமாகக் காட்டினால் தெய்வமாக இருக்கும் வரைக்கும்தான் கும்பிடுவார்கள். கூவாகத்துக்கும் இதே கதைதான். சித்திரை மாதம் வந்தால் பத்திரிகைகள் தாலி கட்டும் படமும், தாலி அறுத்து அழும் படமும், அழகிப் போட்டிப் படமும் போடும். அந்தப் படத்தில் இருப்பவர் ஆடி மாதம் வாடகைக்கு வீடு தேடி அலையும்போது அந்தப் படம் அவருக்கு எதுவும் செய்வதில்லை.

---

ஆற்காடு மணி எழுதியது:

கூத்தன் ஐயா சொன்னதற்கு ஆய்வுத் துணை உண்டு. நான் சமூகவியல் பாடம் நடத்துபவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரிவினரோடு நேரில் பழகினால் அவர்கள்மேல் இருக்கும் வெறுப்பு குறையும் என்று 1954-இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எழுதினார். திரையில் பார்த்துப் பழகினாலும் ஓரளவு அதே பலன் கிடைக்கும் என்று 2005-இல் எட்வர்ட் ஷியாப்பாவும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அமெரிக்காவில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் தன்பாலீர்ப்பு உள்ள ஒருவரை நாயகனாக வைத்து 1998-இல் தொடங்கிய ‘வில் அண்ட் கிரேஸ்’ தொலைக்காட்சித் தொடர். 2012-இல் துணை அதிபராக இருந்த ஜோ பைடனே இவர்களை அமெரிக்க மக்களுக்குப் புரியவைத்ததில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு என்றார். ஒருபால் திருமணத்தை ஆதரிப்பவர்கள் அங்கே 1996-இல் 27 சதவீதம், 2022-இல் 71 சதவீதம் என்கிறது கருத்துக் கணிப்பு நடத்தும் ‘கேலப்’ நிறுவனத்தின் கணக்கெடுப்பு. இவ்வளவையும் ஒரு தொடரின் கணக்கில் எழுத முடியாது. அந்தக் காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டில் வாய் திறந்து சொன்னார்கள், அதுவும் சேர்ந்ததுதான்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ருவாண்டா. இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே சமரசத்தைப் பேசும் ஒரு வானொலி நாடகம் ஒலிபரப்பானது. உளவியல் ஆய்வாளர் எலிசபெத் பாலக் அதை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார். ஓராண்டு அந்த நாடகத்தைக் கேட்டவர்களுடைய சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் “ஊரில் மற்றவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்” என்ற அவர்களுடைய கணிப்பு மாறியது, அதற்கேற்ப நடத்தையும் மாறியது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அனுமதி கொடுத்தபோதும் இதேதான் தெரிந்தது. தீர்ப்பு வந்த உடனே மக்களின் சொந்தக் கருத்து மாறிவிடவில்லை. நாடு எந்தப் பக்கம் போகிறது என்ற கணிப்பு மாறியது.

இதை வேலூருக்குப் பொருத்திப் பாருங்கள். நம் ஊரில் ஒரு தகப்பன் தன் மகனை ஏற்றுக்கொள்ளத் தயங்கினால் அவர் பயப்படுவது நாலு பேரை நினைத்து. அந்த நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று அவருக்குத் தினமும் சொல்வது எது? நூலக அம்மா சொன்ன மாவட்டப் பக்கம்தான். அங்கே பதில் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில், தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று சொன்ன இந்தியர்கள் முதலில் 15 சதவீதம், 2019-இல் 37 சதவீதம். 2023-இல் ஒருபால் திருமணத்தையே 53 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் ஏற்கனவே மாறிவிட்டார்கள், தகப்பனுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

---

குடியாத்தம் தறி எழுதியது:

எனக்கு வயதுக்கு வந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரையும் அடிக்கவோ அவமதிக்கவோ கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் திருநங்கைகள் வந்து சாமி கும்பிடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் படத்திலும் தொடரிலும் இதைக் காட்டினால் பிள்ளைகள் பார்த்துப் பழகிவிட மாட்டார்களா? இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை, எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருக்கிறது. திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

---

மருத்துவமனைச் சாலை எழுதியது:

அண்ணா, திட்ட மாட்டோம். நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்களைப் போன்ற தகப்பன்களோடு பேசுவது என் வேலையில் ஒரு பகுதி.

பார்த்துப் பழகி வருவதாக இருந்தால் நம் சினிமா தொண்ணூறு வருடத்துக்கு மேலாக ஆணும் பெண்ணும் காதலிப்பதை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லோரும் அப்படியே ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே எடுத்துவிட்டது. அது நோய் இல்லை என்று இந்திய உளவியல் மருத்துவர்கள் சங்கமும் 2018-இல் அறிவித்தது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவருடைய தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது. அந்த நடவடிக்கைக்குக் காரணம் வாசகி குறிப்பிட்ட அதே வழக்கு.

பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு அண்ணா. தன்னை வெறுப்பதற்குக் கற்றுக்கொள்கிறார்கள். எங்களிடம் கூட்டிவரப்படும் பிள்ளைகள் பலர் வாயைத் திறந்ததும் முதலில் சொல்வது, “என்னைப் போல வேறு யாரும் இல்லை” என்பதுதான். பதினேழு வயதுப் பையனுக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது? அவன் பார்த்த எதிலும் அவன் இல்லை. இருந்தால் கேலிக்கோ கொலைக்கோ மட்டும் இருந்தான்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

அந்தப் பையனாக இருந்தவன் எழுதுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம். தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன்.

2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்திய செய்தி வந்தபோது வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து கை எழவில்லை. திரையில் வானவில் கொடி, கலர் அடித்த தலைமுடி, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே அழும் இளைஞர்கள். எல்லாம் டெல்லி, மும்பை, பெங்களூரு. அப்பா பார்த்துவிட்டு, “பெரிய ஊர்க்காரர்களின் சமாச்சாரம், நமக்கு என்ன?” என்று சேனலை மாற்றினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பேச ஒரு வழி கிடைத்திருக்கும். இது தன் வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாதது என்று அவ்வளவு நிம்மதியாக நம்பினார்.

அந்தக் கூட்டத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் போராடாவிட்டால் எனக்கு இன்றைக்கும் குற்றவாளிப் பட்டம்தான். ஆனால் லுங்கி கட்டிக்கொண்டு காலையில் பால் வாங்கப் போகிறவன், ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குக் காவடி எடுப்பவன், தங்கை கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டுபவன் ஒருவன் ஆண்களை விரும்புபவனாக இருக்கலாம் என்று தமிழில் எனக்குத் தெரிந்து எந்த ஊடகமும் என் அப்பாவுக்குக் காட்டவில்லை. திருநங்கை என்றால் ஊருக்கு ஏதோ ஓர் உருவம் மனத்தில் வருகிறது. என்னைப் போன்றவனுக்கு உருவமே இல்லை. அதனால் “ஆண்களைப் பிடிக்கும் என்றால் நீ புடவை கட்டப் போகிறாயா?” என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

எங்கள் வீட்டை அசைத்தது 2023-இல் வந்த மலையாளப் படம் ‘காதல் தி கோர்’. மம்மூட்டி ஓய்வு பெற்ற வங்கி ஊழியராக வருவார். உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்பார். சர்ச்சுக்குப் போவார். அவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று சொல்லி மனைவி விவாகரத்துக் கேட்பார். அம்மாவுக்கு மலையாளம் அரைகுறையாகப் புரியும், என்னோடு உட்கார்ந்து முழுதும் பார்த்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “அந்தப் பொம்பளையின் வாழ்க்கை இத்தனை வருடம் வீணாகப் போய்விட்டதே” என்று மனைவியாக நடித்த ஜோதிகாவுக்காக அங்கலாய்த்தார். அதற்குப் பிறகு எனக்குப் பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தரகர் வந்தபோது “அவனுக்கு வேண்டாம்” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். என்மேல் இருந்த பாசம் செய்யாததை, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணின்மேல் வந்த இரக்கம் செய்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

---

காட்பாடி ரயிலடி எழுதியது:

தம்பி, இதைத்தான் நான் சொல்ல முயன்றேன். சினிமா முடியும் என்பதற்கு உங்கள் அம்மாவே சாட்சி.

---

செய்யாற்றுக் கூத்தன் எழுதியது:

ஆனால் அதில் அவரைத் தெய்வமாகவும் காட்டவில்லை, பேயாகவும் காட்டவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவராகக் காட்டினார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

---

வாலாஜா இட்லிக்கடை எழுதியது:

திருநங்கைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், ஒரு திருநங்கையும் பேசட்டும்.

நான் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். ஒரு யூடியூப் சேனலிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். கடையைக் காட்டுவார்கள் என்று நினைத்து விடியற்காலையே மாவு கரைத்து, சாம்பார் வைத்து, தட்டெல்லாம் தேய்த்து அடுக்கியிருந்தேன். அவர்கள் கடைக்குப் பின்னால் இருந்த சுவரோரமாக என்னை உட்கார வைத்தார்கள். எப்போது வீட்டை விட்டுத் துரத்தினார்கள்? ஆபரேஷன் எப்படி நடந்தது? பிச்சை எடுத்திருக்கிறீர்களா? இந்த மூன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். என்னை வீட்டில் துரத்தவில்லை, என் அக்கா மாதாமாதம் வந்து போகிறாள் என்றேன். அதை எடுத்துவிட்டார்கள். வீடியோ வந்தபோது சோகப் பாட்டோடு வந்தது. கடையில் இட்லி வேகிற ஆவிகூட அதில் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பத்து ரூபாய் கையில் திணித்துவிட்டுப் போனார்கள், இட்லி சாப்பிடவில்லை. எனக்குத் தேவை வாடிக்கையாளர்கள்.

2008-இல் விஜய் டி.வி.யில் ‘இப்படிக்கு ரோஸ்’ வந்தபோது நான் சின்னப் பிள்ளை. திருநங்கையான ரோஸ் வெங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களைக் கேள்வி கேட்டார். அது எனக்குத் தைரியம் கொடுத்தது. அவர் கேட்கிற இடத்தில் இருந்தார். அவ்வளவு வருடத்துக்கு முன்னால் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

நம் வேலூரிலேயே 2022 மாநகராட்சித் தேர்தலில் 37-ஆவது வார்டில் கங்கா நாயக் ஜெயித்தார். தி.மு.க. சார்பில் நின்றார். திருநங்கைகளைச் சேர்த்துக்கொண்டு நாடகக் குழு நடத்தியவர். அன்றைக்கு நாடு முழுதும் செய்தி வந்தது, எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் கவுன்சிலர் என்றால் ஜனங்கள் தேடிப் போவது குடிநீருக்கு, தெருவிளக்குக்கு, கால்வாய் அடைப்புக்கு. ஒரு திருநங்கை அந்த வேலையை எப்படிச் செய்கிறார் என்பதுதான் பக்கத்து வார்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ‘முதல் திருநங்கை கவுன்சிலர்’ என்பதை ஒரு நாள் எழுதலாம். மற்ற நாட்களில் குழாயைப் பற்றி எழுதுங்கள்.

---

பழைய டெஸ்க் எழுதியது:

ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணையாசிரியராக இருந்தேன். அந்தத் தலைப்புகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறேன், தெரிந்தால்தான் மாற்ற முடியும்.

பகுதிநேர நிருபருக்கு அச்சில் வரும் செய்தியைப் பொறுத்துத்தான் பணம். காவல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு வரும். ஆய்வாளர் எழுதியது அப்படியே செய்தியாகும். எதிர்த் தரப்பிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அது, செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்குக்கு மாலை ஏழு, எட்டு மணிக்கு வரும். பக்கம் முடிக்கும் அவசரத்தில் ஒற்றைப் பத்தி அகலத்தில் அடங்குகிற, கண்ணை இழுக்கிற மூன்று சொல் வேண்டும். ‘திருநங்கைகள்’ என்று தொடங்கினால் படிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் செய்ததற்கும் பன்மை போடுவார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்பவர்கள் குறைவு. வழக்கம்தான் செய்கிறது.

2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரை ஊடகங்கள் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதுவும் ஆனந்த் வெங்கடேஷ் வழக்கில் வந்ததுதான். தீர்ப்புக்கு முன்னால் தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட நீதிபதி அவர். அதே 2022-இல் இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளிலும் ஒரு விதி சேர்த்தார்கள். விதி இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. தலைப்பு எழுதுகிறவர் மேஜையில் அது இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

நான் டெஸ்க்கில் கேட்டுக்கொண்டது சின்ன விஷயம். அந்த இடத்தில் ‘ஆண்’ என்று எழுதுவோமா? எழுத மாட்டோம் என்றால் ‘திருநங்கை’ என்றும் எழுத வேண்டாம். ‘மாயம்’ செய்தியில் வயது வந்த பெண் என்றால், அவள் நிலையத்துக்கு வந்து “என் விருப்பத்தில்தான் போனேன்” என்று சொன்ன மறுநாள் செய்தியையும் அதே அளவில் போடுங்கள். இரண்டாவதைப் போட வைப்பது மிகவும் கடினம். கண்டுபிடிக்கப்பட்டவர் செய்தியாவதில்லை.

---

குடியாத்தம் தறி எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். என் பயம் முழுதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். திருமணம் வரைக்கும் போகும்போது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அதை உச்ச நீதிமன்றமே 2023 அக்டோபரில் ஏற்க மறுத்து நாடாளுமன்றத்துக்கு விட்டுவிட்டது. ஆனால் இட்லிக்கடை அம்மா சொன்னதும், ராணிப்பேட்டைத் தம்பி சொன்னதும் மனத்தை என்னவோ செய்கிறது. எங்கள் தறிக்கூடத்தில் நாளிதழ் வாங்குகிறோம். அப்படி ஒரு தலைப்பு வந்தால் யாருக்கு எழுத வேண்டும்?

---

வேலப்பாடி வாசகி எழுதியது:

ஆசிரியருக்குக் கடிதம் என்று அஞ்சலட்டையில் எழுதுங்கள் அண்ணா. தேதி, பக்கம், தலைப்பு மூன்றையும் குறிப்பிட்டு, “இந்தச் செய்தியில் அவருடைய பாலினம் எதற்குத் தேவைப்பட்டது?” என்று மட்டும் கேளுங்கள். தறிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் போனால் அதற்கு என் கடிதத்தைவிட மதிப்பு அதிகம்.

அரசிதழ்ச் சொற்பட்டியலை அச்செடுத்து எங்கள் நூலகத்தில் நாளிதழ் மேஜைமேல் வைக்க அனுமதி கேட்டிருக்கிறேன். பழைய டெஸ்க் ஐயா, பகுதிநேர நிருபர்களுக்கு ஒரு பிரதி கொடுக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

பழைய டெஸ்க் எழுதியது:

பத்துப் பிரதி கொடுங்கள் அம்மா. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், நிருபர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

---

வாலாஜா இட்லிக்கடை எழுதியது:

அவர்களில் ஒருவரையாவது கடைக்கு அனுப்பி வையுங்கள் ஐயா. காலை ஆறு மணிக்குத் திறப்பேன்.